சிலிண்டர் எண்ணெயும் மச்சானின் விரதமும்

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். ஆனால் அந்தக் காலத்தில் இந்த மலாய் நாட்டில் அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரைக்கும் எந்த இயந்திரக் கொட்டகையில் போய்க் கேட்டாலும், எண்ணெய் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். இவன் பெருமை பீற்றுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்த பெருமை இல்லை.

நான் முதலில் வேலைக்கு நின்ற இடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகை. கையில் ஒரு பழந்துணியும் ஒரு தகரக் குவளையில் மண்ணெண்ணெயும் கொடுத்து எஞ்சினைத் துடைக்கச் சொன்னார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் துடைத்துவிட்டுப் போனார்கள். நான் துடைத்த துணியைப் பிழிந்து பார்த்தேன். பேரிங்கிலிருந்து வழிந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால், உள்ளே பித்தளை தேய்கிறதா, மண் புகுந்திருக்கிறதா, எண்ணெய் செத்துப்போய்விட்டதா என்று தெரியும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கொட்டகையில் பெரிய டிரைவர்கள் என்னைக் கண்டால் சிரிப்பார்கள். "இவன் எஞ்சினைத் துடைக்கிறானா, நாடி பிடிக்கிறானா?" என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதே மனிதர் பிறகு தன் எஞ்சினுக்கு எண்ணெய் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார்.

அங்கிருந்து அம்பாங் பக்கம் ஒரு வெள்ளீயச் சுரங்கத்துக்குப் போனேன். மண்வெட்டப் போனவன், எண்ணெய்க் கிடங்குக்குப் பொறுப்பாளன் ஆனேன். சுரங்கம் என்றால் பூமிக்கு அடியில் குகை என்று நினைக்க வேண்டாம். பெரிய குழி. மேட்டு மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து, அந்தச் சேற்றையும் சரளையையும் பம்பு போட்டு மேலே உறிஞ்சி, பலகை வாய்க்காலில் ஓடவிட்டு ஈயத்தை அரிப்பார்கள். பம்பு நின்றால் குழி குளமாகிவிடும். பம்பை ஓட்டுவது நீராவி எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது நிலக்கரி என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணெய் என்று நான் சொல்வேன்.

என் கிடங்கில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். சிலிண்டருக்கு ஊற்றுவது தார் மாதிரிக் கெட்டியாக, பச்சை மினுமினுப்போடு இருக்கும். பேரிங்குக்கு ஊற்றுவது அதைவிட இளகல். கிரீஸில் மட்டும் எத்தனை ரகம். ஒரு ரகம் சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் சோப்பாகக் கரைந்து ஓடிவிடும். இன்னொரு ரகம் தண்ணீருக்கு அசையாது, சூட்டில் உருகிவிடும். எப்போதும் சேற்றுத் தண்ணீரில் கிடக்கிற பம்புக்கு எது, கொதிக்கிற எஞ்சினுக்கு எது என்று தெரியாமல் மாற்றி வைத்துவிட்டால் ஒரு வாரத்தில் அச்சு போய்விடும். டப்பாவின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் நான் பார்ப்பதில்லை, அப்போது படிக்கவும் தெரியாது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பேன். பால் போல வெளுத்தால் பம்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஒரு தடவை வெள்ளைச் சட்டை போட்ட வியாபாரி ஒருவன் சுரங்கத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையைப் பார்க்க வந்தான். ஒரு சிவப்புத் தூள் வைத்திருந்தான். நிலக்கரியில் ஒரு கைப்பிடி தூவினால் பாதிக் கரியிலேயே முழு நீராவி கிடைக்கும் என்றான். தூவியும் காட்டினான். நெருப்பு நிறம் மாறிக் குப்பென்று எழுந்தது. துரை வாயைப் பிளந்தார். நான் துரையிடம் எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், நெருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டாம், நீராவி அளவு காட்டுகிற முள்ளைப் பாருங்கள் என்றேன். முள் அசையவேயில்லை. வியாபாரி தன் தூளைக் கட்டிக்கொண்டு போனான். அன்று முதல் என் பேச்சுக்குத் துரையிடம் ஒரு மதிப்பு இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என் மூக்குதான். சிலிண்டர் எண்ணெயில் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பார்கள். ஈரமான நீராவியில் இரும்போடு ஒட்டிக்கொள்வதற்காகக் கலப்பது. அது மோசம் என்று சொல்ல முடியாது, எஞ்சினுக்கு நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் கண்ணால் பார்த்தால் எதில் கலந்திருக்கிறது, எதில் கலக்கவில்லை என்று தெரியாது. நான் ஒரு பழைய கரண்டியில் கொஞ்சம் ஊற்றி, பாய்லர் கரியின் மேல் காட்டி, புகை கிளம்பும்போது ஒரு மூச்சு இழுப்பேன். மண்ணெண்ணெய்க் குடும்பத்து எண்ணெய் என்றால் ஒரு வாசம். கொழுப்புக் கலந்தது என்றால் கசாப்புக் கடை தீப்பிடித்த மாதிரி, அடித்தொண்டையில் போய் ஒட்டும். ஒரு குவளைக்கு ஒரு சொட்டுக் கலந்திருந்தாலும் சொல்லிவிடுவேன். இந்த மூக்கு ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லை.

இதற்கு ஏன் அத்தனை அக்கறை என்றால், அங்கே இயந்திரத்தில் நின்றவர்கள் பாதிப் பேர் நம்மவர்கள். மற்ற நாளில் யாரும் கொழுப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கையை மண்ணெண்ணெயில் கழுவி, சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போவார்கள். வேலை வேறு, வீடு வேறு. ஆனால் பத்துமலைக்குக் காவடி எடுக்க மாலை போட்டுவிட்டால், அந்த ஒரு மண்டல விரதம் முழுக்க அப்படி இருக்க முடியாது. மாலை போட்டவர்கள் என் கிடங்கு வாசலில் வந்து நின்று, அண்ணே, இது சுத்தமா என்று கேட்பார்கள். நான் கரண்டியைக் காய்ச்சிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். அதற்கு மேல் யாரையும் கேட்க மாட்டார்கள்.

எஞ்சின் டிரைவராக இருந்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். எஞ்சின் ஓடும்போது அதன் உடம்பில் கையை வைத்துக்கொண்டே நிற்பார். ஊரில் அவர்களுக்கு ஒரு காணி நிலமோ ஓர் ஓட்டு வீடோ கிடையாது. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டார்கள். என் அக்காவுக்கு இந்த மண்ணில் இருந்த சுரங்கம் வேலைக்காகக் கொடுத்த லயத்து அறை ஒன்றுதான் வீடு. அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அந்தக் குழந்தைக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அம்பாங்கில் மழைக்குப் பிறகு குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும், கொசுவுக்குக் கேட்கவா வேண்டும். கொயினா மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. கண் மேலே செருகிவிட்டது. அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். மச்சான் வெளியே மழையில் போய் நின்று, பிள்ளையைக் கொடுத்தால் வருகிற பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், சுத்தமாக இருந்து எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். காய்ச்சல் இறங்கியது. மருந்தால் இறங்கியதா வேண்டுதலால் இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எண்ணெயைப் பற்றித்தான் தெரியும்.

அவர் மாலை போட்ட சமயத்தில்தான் ஈயத்தின் விலை விழுந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு சுரங்கம் மூடினார்கள். எங்கள் சுரங்கத்தில் முதலில் ராத்திரி வேலையை நிறுத்தினார்கள். பிறகு கூலியைக் குறைத்தார்கள். பிறகு ஆட்களை நிறுத்தினார்கள். வேலை போனவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது சர்க்கார். காலையில் சுரங்க வாசலில் வேலை கேட்டு நிற்கிற கூட்டத்தைத் தாண்டித்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும். அந்த முகங்களை நேராகப் பார்க்க மாட்டோம். அவர்களும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஒருவன் லீவு போட்டால் அவன் இடத்துக்கு அன்றைக்கே பத்துப் பேர்.

விரதத்தின் நடுவில் பழைய சிலிண்டர் எண்ணெய் டிரம் அடி தட்டியது. அது சுத்தமான எண்ணெய், நானே பார்த்து வாங்க வைத்தது. அடுத்து வந்த டிரம் வேறு நிறம். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கரண்டியில் ஊற்றிக் காய்ச்சினேன். புகை வந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

மச்சான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை, இடுப்பில் மஞ்சள் துணி, மேலே வேலைச் சட்டை. எப்போது வந்தார் என்று தெரியாது.

"மாப்ளே, புது டிரம் வந்திருக்காம்."

"வந்திருக்கு மச்சான்."

"கொழுப்பு கலந்திருக்கா?"

நான் கரண்டியைத் துடைத்தேன். துடைத்த கரண்டியையே மறுபடியும் துடைத்தேன்.

"உன்னத்தான் கேக்குறேன். இருக்கா, இல்லையா?"

"இருக்கு மச்சான்."

"மாடா?"

"மாடுதான்."

அவர் கோபப்படவில்லை. டிரம்மின் மேல் கை வைக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. 

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சொன்னேன். நெருப்புப் போடுகிற ஆளை விட்டு ஊற்றச் சொல்லலாமே என்றேன். முடியாது என்றார். சிலிண்டருக்கு எண்ணெய் சொட்டுகிற பித்தளைக் குப்பியை டிரைவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது துரையின் சட்டம். அப்படியே தொட்டாலும், நீராவியோடு கலந்து வெளியே வருகிற எண்ணெய்தான் நாள் முழுக்க அவர் முகத்திலும் மார்பிலும் படிகிறது. மாலையில் அவர் சட்டையைக் கழற்றினால் தோல் பளபளவென்றிருக்கும். கொழுப்பைப் பூசிக்கொண்டு போய் அந்த மலையில் எப்படி ஏறுவேன் என்று கேட்டார். லீவு போடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன், வாசலில் நிற்கிற கூட்டத்தை நினைத்து நிறுத்திக்கொண்டேன். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் துரையிடம் போனேன். பழைய எண்ணெயே வேண்டும் என்றேன். கொழுப்புக் கலந்தது எஞ்சினுக்கு ஆகாதா என்று கேட்டார். ஆகும் என்றேன், அதில் பொய் சொல்ல என்னால் முடியாது. பின்னே என்ன என்றார். விரதத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சுரங்கத்தையே மூடலாமா என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீ டிரைவரின் சாமிக்கு எண்ணெய் கேட்கிறாய் என்றார். சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னார். தூள் வியாபாரியை நான் ஓட்டிய அந்த மதிப்பெல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

சரி, கம்பெனி வாங்காவிட்டால் நான் வாங்குகிறேன் என்று முடிவு செய்தேன். மூடிப்போன சுரங்கங்களின் சாமான்களை வாங்கிப்போட்ட சீன வியாபாரிகள் கிள்ளானில் இருந்தார்கள். அங்கே பழைய இருப்பில் சுத்தமான சிலிண்டர் எண்ணெய் கட்டாயம் இருக்கும். பழைய டிரம்மைச் சாய்த்து வைத்து அடியில் கிடந்ததை வழித்து ஒரு தகரத்தில் ஊற்றி மச்சானிடம் கொடுத்தேன். சொட்டுக் குழாயைக் கொஞ்சம் இறுக்கி விடுங்கள், நான் போய் வருகிற வரைக்கும் இது தாங்கும் என்றேன். தலையாட்டினார். கிடங்கில் ஓரிரு நாள் ஆள் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும், கூலியும் மிச்சம் என்பதால் துரை லீவு கொடுத்து அனுப்பினார்.

கிள்ளானில் முதல் கடையில் இருந்த டிரம்கள் அத்தனையும் கொழுப்புக் கலந்தவை. இரண்டாவது கடை ஆற்றங்கரைப் பக்கம். கடை முதலாளியான சீனத் தௌக்கே தமிழ் பேசுவான், நம் ஆட்களோடு பழகிப் பழகி வந்த தமிழ். நான் அடுப்பில் கரண்டியை வைத்து ஒவ்வொரு டிரம்மாகக் காய்ச்சி மோந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"அண்ணே, நீ எண்ணெய் வாங்க வந்தியா, கொழம்பு வெக்க வந்தியா லா?"

சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தப் பயணத்தில் சிரித்தது அது ஒன்றுதான். மூலையில், துருப்பிடித்து, பாதி தீர்ந்த டிரம் ஒன்று கிடந்தது. யாருக்கும் வேண்டாமல் கிடந்த சாமான். காய்ச்சினேன். சுத்தம். நிறமும் கெட்டியும் நான் கேட்டபடியே. அத்தனை டிரம்மில் அதைக் கண்டுபிடிக்க இன்னொருவனால் ஆகியிருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்ததை எல்லாம் கொடுத்து வாங்கினேன். ஆனால் டிரம்மைப் பயணிகள் ரயிலில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். சாமான் வண்டி மறுநாள்தான். ஸ்டேஷன் கொட்டகையில் டிரம்மின் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்பாங் ரோட்டில் மாட்டு வண்டியில் டிரம்மோடு வந்தேன். சுரங்கத்துக்குத் திரும்புகிற மூலையிலேயே வழக்கமாக எஞ்சின் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. வண்டிக்காரரிடம் மாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். தவளைச் சத்தம் மட்டும்தான்.

உள்ளே போனால் குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் கொட்டகையில் சிலிண்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். துரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போகும்போதே எனக்கு வாசம் வந்துவிட்டது. சமையல்கட்டு வாசம். தேங்காயெண்ணெய்.

நான் கொடுத்த மிச்ச எண்ணெய் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. மழையில் பாய்லர் நீராவி ஈரமாக வந்ததால் வழக்கத்தைவிட அதிகம் குடித்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினால் குழி நிரம்பும், நிறுத்தியதற்குக் காரணம் கேட்பார்கள். புது டிரம்மைத் தொட முடியாது. மச்சான் லயத்துக்கு ஓடிப்போய், பூசைக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்து வந்து, பித்தளைக் குப்பியைத் துடைத்து, அதற்குத் திருநீறு பூசி, ஊற்றிவிட்டார். முதலில் வால்வு முனகியதாம். பிறகு கத்தியதாம். அப்புறம் சிலிண்டருக்குள் இரும்பை இரும்பு பிறாண்டுகிற சத்தம் வந்து நின்றுவிட்டது.

நான் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். ஏர் உழுத மாதிரி நீள நீளமாகக் கோடு. பிஸ்டன் வளையங்கள் இறுகிவிட்டன. பித்தளை இருந்த இடத்திலெல்லாம் பச்சையாக ஒரு பிசுக்கு.

மச்சான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி விளக்குல எரியுற எண்ணெய்தானே மாப்ளே. அதவிட சுத்தம் எது?" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டார். "பேரிங்குக்கு ஊத்தலாம்னு நீயே சொல்லியிருக்க."

சொன்னேன்தான். அவசரத்துக்குப் பேரிங்குக்கு ஊற்றலாம், ஊற்றியும் இருக்கிறோம். பேரிங்கு வெறும் சூடு. சிலிண்டருக்குள் நீராவி. அந்தச் சூட்டில் தேங்காயெண்ணெய் தண்ணீராக இளகி, நீராவியோடு அடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். நிற்கிற கொஞ்சமும் புளித்துப்போய் உலோகத்தையே அரிக்கும். வயிற்றுக்கு ஒத்துக்கொண்ட மருந்தைக் கண்ணில் விட்ட மாதிரி. இதையெல்லாம் அந்த நேரத்தில் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் துரையைக் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கப்பட்டவன் இல்லை. சிலிண்டரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிக் கடைந்து வாங்கலாம், இதோ சுத்தமான எண்ணெய் கொண்டுவந்திருக்கிறேன், டிரைவருடைய இத்தனை வருட வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அந்தப் பழைய எஞ்சினுக்குக் காசு செலவழிக்கக் கம்பெனி தயாராயில்லை என்றார். எஞ்சினை நிறுத்த அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. மச்சானைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். "பாலேக்." திரும்பிப் போ என்று அர்த்தம். எங்கே திரும்புவது என்று எல்லோருக்கும் தெரியும்.

என் அறையில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். என் கூலியையும் குறைத்திருந்தார்கள், என்றாலும் கஞ்சி குடித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். மச்சினன் வீட்டுச் சோற்றில் உட்கார மச்சான் சம்மதிக்கவில்லை. வேறு சுரங்கங்களுக்கு நடந்தார். சுங்கை பூலோ வரைக்கும் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். எஞ்சினைக் கெடுத்த டிரைவர் என்கிற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. பேச்சு போகாத இடத்தில் வேலை இல்லை. கடைசியில் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

பூசத்துக்குக் காவடி எடுத்தார். நானும் போயிருந்தேன். பத்துமலைப் படிக்கட்டில் அவர் ஏறும்போது பக்கத்தில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். மற்றவர்கள் அரோகரா போட்டார்கள். மச்சான் முகத்தில் ஒரு துளி வாட்டமில்லை. சொன்ன சொல்லைச் சுத்தமாக முடித்தார். அவருக்கு அது போதும் போலிருந்தது. அக்காவுக்குப் போதவில்லை. இறங்கும்போது அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தாள்.

கப்பலுக்கு முந்தின நாள் அவர்கள் சாமான் கட்டும்போது போனேன். இரண்டு பானை, ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி. அக்கா என்னோடு பல நாளாகச் சரியாகப் பேசவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டே, நிமிராமல் பேசினாள்.

"தெரியாமப் பண்ணியிருந்தா சாமி ஒண்ணும் சொல்லியிருக்காது. அவருக்கு எப்படித் தெரியும், அது மாடா மண்ணெண்ணெயான்னு?"

"கேட்டாரு, அக்கா."

"கேட்டா? இல்லன்னு ஒரு வார்த்தை. அவரும் ஊத்தியிருப்பாரு, காவடியும் எடுத்திருப்பாரு, நாங்களும் இங்கயே கெடந்திருப்போம்."

 அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"உன் மூக்கு அன்னிக்கு ஒரு நாள் அடைச்சிருக்கக் கூடாதா, தம்பி?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். துரைமார் திட்டியிருக்கிறார்கள், தௌக்கேமார் திட்டியிருக்கிறார்கள். யாருக்கும் நான் பதில் கொடுக்காமல் விட்டதில்லை. அக்காவுக்கு மட்டும் வாய் வரவில்லை.

போர்ட் சுவெட்டன்ஹாமில் அவர்களை ஏற்றிவிட்டேன். துறைமுகம் முழுக்க நம் ஜனங்கள், அவரவர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்குப் போகிற கூட்டத்தில் இருக்கிற இரைச்சல் அதில் இல்லை. மச்சான் என் தோளில் கை வைத்து, நீ வருத்தப்படாதே மாப்ளே, நீ சொன்னதுதான் சரி என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குழந்தை தேறி, கன்னம் வைத்திருந்தது. கப்பலைப் பார்த்து அதற்குச் சந்தோஷம். அக்கா அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். கப்பல் ஆற்று வாயைத் தாண்டும் வரைக்கும் நின்றேன்.

எங்கள் சுரங்கத்தையும் சில மாதத்தில் மூடிவிட்டார்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் திரும்பி, பழைய எண்ணெய் வாங்கி வடிகட்டி விற்றேன். பிறகு கடை, பிறகு இரண்டு லோரி. எல்லாம் என் கையால் சம்பாதித்தது, ஒருவரிடமும் கைநீட்டவில்லை. வசதி வந்ததும் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். கப்பலிலிருந்து இறங்கினார்கள் என்பது வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்புறம் பஞ்சம் பிழைக்க எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஒருவேளை எங்காவது நன்றாக இருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான்.

கடையில் தனியாக இருக்கும்போது அக்காவோடு இன்னும் வழக்காடுவேன். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன் அக்கா, டிரம்மை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன் என்பேன். நீ சொல்கிற மாதிரி எல்லோரும் இங்கேயே கிடந்திருப்போம். ஆனால் அவர் கழுத்தில் மாலையோடு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பேர் என் சொல்லை நம்பி அந்த மலை ஏறியிருக்கிறார்கள். வீட்டு மனிதர் என்பதற்காக அவருக்கு மட்டும் நான் மாற்றிச் சொல்ல முடியுமா? இதையெல்லாம் சரியாகத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன். அவள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நிமிராமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.